எழுதும் வேளையும் வெளியிடும் வேளையும்

(ஏற்காடு ஒண்டிக்கடையில் நடந்த நினைவுப் பொழிவின் எழுத்து வடிவம்)



நினைவுப் பொழிவு என்றால் தலித் இலக்கிய வரலாறு, அழகியல், அரசியல் என்று பெரிய தலைப்புகளில் பேசுவது வழக்கம். இந்த முறை சிறிய தலைப்பு ஒன்றை எடுத்திருக்கிறோம். நம் கூட்டங்களுக்கு வரும் இளைஞர்கள், குறிப்பாகக் கதை எழுத ஆசைப்படுகிறவர்கள், கூட்டம் முடிந்து பேருந்துக்குக் காத்திருக்கும்போது கேட்கிற கேள்வி அது. "கதை இருக்குதுங்க தோழர். எழுத உக்காந்தா ரெண்டு பக்கத்துல நின்னுபோயிருது. ஏன்னு தெரியல." மேடையில் இந்தக் கேள்விக்கு இடம் கிடைப்பதில்லை. கோட்பாடு பேசுகிறவர்களுக்கு இது சின்ன விஷயம். எழுதப்படாமலே போன நம்முடைய கதைகளை நினைத்தால் எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை.

யாருடைய நினைவாக இன்று கூடியிருக்கிறோமோ அந்தத் தோழரும் அப்படி நின்றுபோனவர்தான். எஸ்டேட்டில் வேலை பார்த்தார், சங்கத்துக்காக அலைந்தார், துண்டறிக்கை எழுதுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. கதையும் எழுதினார் என்பது அவர் போன பிறகுதான் பலருக்குத் தெரிந்தது. பழைய கணக்கு நோட்டுகளின் பின்பக்கங்களில் பதினோரு கதைகள். வீட்டாரின் சம்மதத்தோடு அவற்றைப் படித்தோம். ஒன்றுகூட முடியவில்லை. எங்களை யோசிக்க வைத்தது, அவை நின்றிருக்கும் இடம். மழை பெய்கிறது, பனி இறங்குகிறது, பழம் எடுக்கிற பெண்கள் ஒருவரையொருவர் கேலி பேசிச் சிரிக்கிறார்கள், எல்லாம் உயிரோடு இருக்கிறது. சாதிப் பெயரைச் சொல்லி ஒருவன் திட்ட வேண்டிய இடம் வந்ததும், அல்லது அடித்தவன் யார் என்று எழுத வேண்டிய இடம் வந்ததும், பேனா நின்றுவிடுகிறது. பதினோன்றில் எட்டு கதைகள் அப்படித்தான். நேரம் இல்லாமல் நின்றிருந்தால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு இடத்தில் நின்றிருக்கும். துண்டறிக்கையில் அதே பெயர்களைத் தயங்காமல் எழுதியவர் அவர். துண்டறிக்கைக்குக் கீழே சங்கத்தின் பெயர் இருக்கும். கதைக்குக் கீழே அவர் ஒருவர் பெயர்தான் இருக்கும்.

ஆகவே எழுதும் பழக்கத்தையும் எழுதும் பயத்தையும் தனித்தனியாகப் பேசிப் பயனில்லை என்று நினைக்கிறோம்.

பழக்கத்தைப் பற்றிப் பேசும் புத்தகங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலிருந்து வந்தவை. அவற்றில் தவறாமல் வரும் பெயர் ஆன்டனி டிரோலப். 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தபால் துறை அதிகாரியாக இருந்தவர். விடியற்காலை ஐந்தரை மணிக்கு மேசையில் உட்கார்ந்து, கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு, கால் மணி நேரத்துக்கு 250 சொல் என்று கணக்கு வைத்து எழுதி, 47 நாவல்களை முடித்தவர். அவர் இறந்த பிறகு 1883இல் வெளிவந்த தன்வரலாற்றில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. விடிகாலையில் தன்னை எழுப்பிவிட்டுக் காப்பி கொண்டுவந்து கொடுப்பதற்கென்றே வயதான வேலையாள் ஒருவருக்கு ஆண்டுக்கு 5 பவுண்ட் கூடுதலாகக் கொடுத்திருக்கிறார். தன்னுடைய வெற்றிக்கு வேறு யாரையும்விட அந்த ஆளுக்குத்தான் கடன்பட்டிருப்பதாகவும் எழுதியிருக்கிறார். நேர்மையான மனுசன். ஆனால் பழக்கம் பற்றிய புத்தகங்கள் 250 சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு, காப்பி கொண்டுவந்தவரை விட்டுவிடுகின்றன.

நாம் காப்பி கொண்டுவந்தவரின் பக்கத்து ஆட்கள். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் சேர்வராயன் மலைக்குக் காப்பிச் செடியைக் கொண்டுவந்தார் என்று எல்லா வழிகாட்டி நூல்களும் சொல்கின்றன. குழி வெட்டியவர், நிழல் மரம் வைத்தவர், பழம் பறித்தவர், மூட்டை சுமந்தவர் பெயர் ஒன்றுகூட அவற்றில் இல்லை. இந்த மலையின் கதையை எழுத வேண்டியவர்களுக்கு விடிகாலை ஐந்தரை மணி என்பது தண்ணீர் பிடித்து, சோறாக்கி, டப்பாவில் அடைத்து, பேர் கொடுக்க ஓடுகிற நேரம். எழுப்பிவிட ஆள் வைத்திருப்பவருடைய பழக்கம் நமக்கு எப்படி ஒத்துவரும்?

நமக்கு ஒத்துவரும் பழக்கம் எது என்பதற்கு நம்முடைய முன்னோடிகளின் வாழ்க்கையைத்தான் பார்க்க வேண்டும். இந்த ஊரின் பெயரே அதற்கு ஒரு சொல்லைத் தருகிறது. ஒண்டி என்றால் தனி. ஒண்டுவது என்றால் இன்னொருவர் இடத்தில் ஓரமாக ஒதுங்கி இருப்பது. ஒண்டுக்குடித்தனம் என்கிறோம் இல்லையா, அதைப்போல. நம் எழுத்தாளர்கள் பெரும்பாலும் ஒண்டி எழுதியவர்கள். பிழைப்பின் ஓரத்தில், வேறு வேலைக்கென்று இருக்கிற இடத்தில் உட்கார்ந்து எழுதியவர்கள்.

பேபி காம்ப்ளேயை எடுத்துக்கொள்வோம். 1929இல் பிறந்தவர். மராட்டிய மாநிலத்தில், சதாரா மாவட்டத்துப் பல்டண் ஊரில் வாழ்ந்த மகர் சமூகப் பெண். அம்பேத்கரின் இயக்கத்தில் வளர்ந்தவர். வீட்டுப் பிழைப்புக்குச் சிறிய கடை. பொட்டலம் கட்டுவதற்காக வாங்கிப் போட்ட பழைய செய்தித்தாள்களை ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தே வாசிப்பை வளர்த்துக்கொண்டார். கடையில் உட்கார்ந்திருக்கும்போது எழுதினார். எழுதிய நோட்டுகளைக் கணவர் கண்ணில் படாமல், தூசி படிந்த, யாரும் கை வைக்காத மூலைகளில் ஒளித்து வைத்தார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அப்படி. மாக்சீன் பெர்ன்ட்சன் என்ற, அமெரிக்காவில் பிறந்த மொழியியல் அறிஞர் பல்டணில் வந்து தங்கியிருந்தார். அவர் கொடுத்த ஊக்கத்தால்தான் அந்த எழுத்து வெளியே வந்தது. முதலில் மராத்திப் பெண்கள் இதழ் ஒன்றில் தொடராகவும், 1986இல் நூலாகவும் வந்தது. ‘எங்கள் வாழ்க்கை’ என்று பொருள்படும் மராத்தித் தலைப்பு அதற்கு. 2008இல் மாயா பண்டித் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த பிறகு உலகம் முழுக்கப் படிக்கிறார்கள்.

இது தன்வரலாறு, புனைகதை இல்லை. ஆனாலும் கதை எழுதுகிறவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் எங்களுக்குத் தெரியவில்லை. இருபது ஆண்டுகள் ஒளித்து வைத்தாரே, அது பயம்தானே என்று நம் மாணவி ஒருவர் கேட்டார். பயம்தான். வீட்டில் அடி விழும் என்ற பயம். அந்தப் பயத்தை அவர் எங்கே வைத்தார் என்று பாருங்கள். வெளியிடும் வேலையில் வைத்தார். எழுதும் வேலைக்குள் அதை விடவில்லை. நோட்டு ஒளிந்திருந்தது, நோட்டுக்குள் இருந்த எழுத்து ஒளியவில்லை. மகர் பெண்கள் வீட்டுக்குள்ளேயே பட்ட கொடுமைகளை, மாமியார் மருமகளைப் படுத்திய பாட்டை, சாதிக் கொடுமைக்குச் சமமாக வைத்து எழுதினார். யாராவது எட்டிப் பார்க்கிறார்கள் என்ற நினைப்போடு எழுதியிருந்தால் அந்தப் பக்கங்கள் வந்திருக்காது.

இன்று நாங்கள் சொல்ல வந்த ஒரே விஷயம் இதுதான். நம் பயத்தில் பெரும்பகுதி எழுதுவதைப் பற்றியது கிடையாது, வெளியிடுவதைப் பற்றியது. அச்சான பிறகு ஊர் என்ன செய்யும், உறவு என்ன சொல்லும், எஸ்டேட்டில் வீட்டைக் காலி பண்ணச் சொல்வார்களா என்பதெல்லாம் நியாயமான கேள்விகள். ஆனால் அந்தக் கேள்விகளுக்குரிய நாள் வேறு. அது இன்று இரவே வந்து நோட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறது. எழுதும் வேளையையும் வெளியிடும் வேளையையும் பிரித்து வைப்பதற்குத்தான் பழக்கம் தேவைப்படுகிறது. எத்தனை சொல் எழுதினோம் என்ற கணக்கு அதற்கு அடுத்ததுதான்.

இன்னொருவர், நம் மொழிக்காரர், டொமினிக் ஜீவா. 1927இல் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். முடிதிருத்தும் தொழில் செய்தவர், அதை எங்கேயும் மறைக்காதவர். கஸ்தூரியார் வீதியில் இருந்த ஜோசப் சலூன்தான் அவருக்கு வேலையிடம், எழுதும் இடம், எழுத்தாளர்கள் கூடும் இடம் எல்லாம். அவருடைய முதல் சிறுகதைத் தொகுப்பான ‘தண்ணீரும் கண்ணீரும்’ இலங்கை சாகித்திய மண்டலப் பரிசைப் பெற்றது. 1966 ஆகஸ்டில் ‘மல்லிகை’ இதழைத் தொடங்கினார். போர், இடப்பெயர்வு, காகிதத் தட்டுப்பாடு எல்லாவற்றுக்கும் நடுவில், பிற்காலத்தில் கொழும்புக்கு இடம்பெயர்ந்தும், 2012 வரை அதை நடத்தினார். ஏறத்தாழ 400 இதழ்கள். பையில் போட்டுக்கொண்டு நடந்தே போய் விற்றார்.

சலூனில் உட்கார்ந்தவருக்குக் கதைக்குப் பஞ்சமில்லை என்பது உண்மைதான். தலையைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிற மனிதர் எல்லாவற்றையும் பேசுவார். ஆனால் எங்களுக்கு முக்கியமாகப் படுவது மாத இதழ் என்ற ஏற்பாடு. மாதம் ஒருமுறை எதையாவது கொடுத்தே தீர வேண்டும் என்று தன்னைத் தானே கட்டிப்போட்டுக்கொண்டார். மனநிலை வரட்டும் என்று காத்திருக்க அவருக்கு வழியில்லை. நம்மில் யாரும் இதழ் தொடங்க வேண்டியதில்லை. மாதத்தில் ஒரு நாள், ஒருவரிடமாவது, எழுதியதைப் படித்துக் காட்டியே ஆக வேண்டும் என்ற ஏற்பாடு இருந்தால் போதும்.

மனோரஞ்சன் பியாபாரியைப் பற்றிப் பலருக்குத் தெரிந்திருக்கும். வங்காளத்து நாமசூத்திரர். சிறையில் எழுத்துக் கற்றவர். கொல்கத்தாவில் ரிக்‌ஷா ஓட்டியபோது, வண்டியில் ஏறிய ஆசிரியை போன்ற ஒரு அம்மாவிடம், படித்ததில் புரியாமல் கிடந்த ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்டார். வாழ வேண்டும் என்ற வேட்கையைக் குறிக்கும் சொல் அது. அந்த அம்மா மகாசுவேதா தேவி. தன் இதழுக்கு எழுதச் சொன்னார். இந்தச் சந்திப்பை எல்லோரும் சிலிர்த்துச் சொல்கிறார்கள். அதற்குப் பின்னால் நடந்ததை யாரும் சொல்வதில்லை. காது கேளாத மாணவர்களுக்கான பள்ளி ஒன்றில் பல ஆண்டுகள் சமையல்காரராக வேலை பார்த்துக்கொண்டே நாவல் நாவலாக எழுதினார். சந்திப்பு ஒரு நாள் நடந்தது. அடுப்படிப் பழக்கம் ஆண்டுக்கணக்கில் நடந்தது.

அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் ஆக்டேவியா பட்லரும் இந்த வரிசையில் வருகிறவர்தான். வீட்டு வேலை செய்த தாயின் மகள். சில்லறை வேலைகளுக்குப் போய்க்கொண்டு, இரவு இரண்டு மணிக்கு எழுந்து எழுதிவிட்டு வேலைக்குக் கிளம்பினார். உந்துதலை நம்பாதே, பழக்கத்தை நம்பு என்ற கருத்தில் புதிய எழுத்தாளர்களுக்காக ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறார். இரண்டு மணிக்கு எழச் சொல்லி நாங்கள் யாரையும் வற்புறுத்தவில்லை. மார்கழிக் குளிரில் இந்த மலையில் அது நடக்கிற காரியம் கிடையாது.

மலைக்கு வருவோம். தினமும் எழுது என்று சொல்வது எளிது. நம் ஆண்டு அப்படி ஓடுவதில்லை. நவம்பரில் தொடங்கித் தை வரை பழம் எடுக்கும் காலம். உடம்பு முறிகிற நாட்கள். மே மாதம் கோடை விழாக் கூட்டம். விடுதியிலும் கடையிலும் வேலை பார்க்கிற நம் பிள்ளைகளுக்குத் தூக்கமே கிடையாது. ஆகவே தினசரிப் பழக்கத்தை விட, ஆண்டுப் பழக்கம் என்ற ஒன்றைப் பரிந்துரைக்கிறோம். பழம் எடுக்கும் மாதங்களில் கதை எழுத முயல வேண்டாம், பேச்சைச் சேர்த்தால் போதும். ஒரு நாளைக்கு ஒரே ஒரு வாக்கியம். யாரோ சொன்னது, சொன்ன மாதிரியே. மலையாளிப் பாட்டி ஒருவர் பேசுவதும், சமவெளியிலிருந்து கூலிக்கு வந்த குடும்பம் பேசுவதும், கணக்கர் பேசுவதும் ஒன்றில்லை. மூன்று மாதத்தில் தொண்ணூறு வாக்கியம் சேரும். மாசி, பங்குனியில் முதல் மழை விழுந்து செடியெல்லாம் வெள்ளையாகப் பூத்து நிற்கிற நாட்களில் கை கொஞ்சம் ஓயும். அப்போது எழுதலாம். ஆடி ஐப்பசி மழையில் வெளியே போக முடியாத மாலைகளில் திருத்தலாம்.

எழுதுகிற மாதங்களில் ஒரு நாளைக்குப் பத்து வரி போதும். பத்து வரியோடு நிறுத்திவிட வேண்டும், இன்னும் வருகிறது என்றாலும். அடுத்தது என்ன என்று தெரிந்த இடத்தில் நிறுத்தினால் மறுநாள் தொடங்குவது எளிது என்பது ஹெமிங்வே சொன்ன யோசனை. நல்ல யோசனை, காசு செலவில்லாதது. நேற்று எழுதியதில் கடைசி வரியை மட்டும் படித்துவிட்டு மேலே போக வேண்டும். முதலிலிருந்து படித்தால் திருத்தத் தொடங்கிவிடுவோம். திருத்துகிற கை, பயந்த கை. அது முதல் பிரதிக்குள் வரக்கூடாது.

இனி நின்றுபோகிற அந்த இடம். சாதிப் பெயர் வரும் இடம், அடித்தவன் பெயர் வரும் இடம். நாங்கள் சொல்வது கொஞ்சம் விபரீதமாகத் தோன்றலாம். முதல் பிரதியில் உண்மையான பெயரையே எழுதுங்கள். உண்மையான ஊர், உண்மையான வசவு, நடந்த தேதி, எல்லாவற்றையும். புனைகதைக்காகப் பெயரை மாற்றுவது இரண்டாம் பிரதியின் வேலை. முதல் பிரதியிலேயே ‘பண்ணையார் ஒருவர்’ என்று எழுதினால் கையும் அதற்கேற்ப மழுங்கிவிடுகிறது. அப்புறம் அவர் எப்படி நடப்பார், பணம் கொடுக்கும்போது கை படாமல் எப்படிப் போடுவார் என்பதெல்லாம் மறந்துபோகும். உண்மையான ஆளை எழுதினால் நடையும் கையும் தானே வந்து சேரும். இரண்டாம் பிரதியில் அந்த நடையை இன்னொரு ஊருக்குக் கொண்டுபோகலாம், மூன்று ஆட்களை ஒரே ஆளாக்கலாம், ஆணைப் பெண்ணாக்கலாம்.

அப்படியானால் முதல் பிரதியைக் காப்பாற்ற வேண்டும். காகிதம் நல்லது. செல்போனில் எழுதுகிறவர்கள், குரல்பதிவு செய்கிறவர்கள் நம்மில் அதிகம். அதில் தவறில்லை. ஆனால் பாதி எழுதியதை வாட்ஸ்அப்பில் ஒரு நண்பருக்கு அனுப்புவது, எழுதும் வேளைக்குள் ஊரையே அழைத்து வருவது மாதிரி. அவர் இன்னொருவருக்கு அனுப்புவார். இரண்டாம் பிரதி முடிந்ததும் முதல் பிரதியைக் கிழித்து அடுப்பில் போடலாம். ஆவணமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று சில தோழர்கள் நினைக்கிறார்கள். வாடகை வீட்டிலும் எஸ்டேட் வீட்டிலும் இருக்கிற நமக்கு அது ஆபத்து என்பது எங்கள் கருத்து.

மொழியைப் பற்றிய பயம் ஒன்று இருக்கிறது. அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் அதை நம் முன்னோடிகள் உடைத்துவிட்டார்கள். 1992இல் பாமாவின் ‘கருக்கு’ வந்தபோது, இப்படியெல்லாம் எழுதலாமா என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. வீட்டில் பேசுகிற பேச்சிலேயே ஒரு முழுப் புத்தகத்தை எழுத முடியும் என்று அவர் காட்டிவிட்டார். பள்ளிக்கூடத்தில் சிவப்பு மையால் அடிக்கப்பட்ட சொற்கள்தான் உங்களுடைய சொத்து. இதற்கு மேல் இதில் பேச ஒன்றுமில்லை.

நம் சொந்த ஆட்களைப் பற்றிய பயம் அப்படி எளிதில் தீருவதில்லை. ‘கருக்கு’ வெளியானதும் பாமாவுக்கு முதல் எதிர்ப்பு வந்தது அவருடைய ஊரிலிருந்துதான். நம் மானத்தை அச்சுப்போட்டு விற்றுவிட்டாள் என்ற கோபம். சில மாதங்கள் அவரால் ஊருக்குள் போக முடியவில்லை. பிறகு அதே ஊர் அவரைத் தன் எழுத்தாளராக ஏற்றுக்கொண்டது. 1994இல் இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ வந்தது. தலித்துகளுக்குத் துணி வெளுக்கும் புதிரை வண்ணார் குடும்பத்தின் கதை. நமக்குள்ளேயே இருக்கும் ஏற்றத்தாழ்வை எழுதியதால், ஒற்றுமையைக் குலைக்கிறார் என்று நம்மவர்களே சாடினார்கள். இன்றைக்கு அந்த நாவல் இல்லாமல் தலித் இலக்கியத்தைப் பேச முடியுமா?

சிவகாமியின் வழி இன்னும் சுவாரசியமானது. ‘பழையன கழிதலும்’ 1989இல் வந்தது. அதில் வருகிற காத்தமுத்து ஒரு தலித் தலைவர். துணிச்சலானவர், வாய்ச்சாலகர், வீட்டில் இரண்டு மனைவிகளை ஆட்டிப் படைக்கிறவர். தலித் தலைவரை இப்படிக் காட்டலாமா என்ற கேள்வி எழுந்தது. அவர் பின்வாங்கவும் இல்லை, சண்டைக்கும் போகவில்லை. 1997இல் ‘ஆசிரியர் குறிப்பு’ என்று இன்னொரு நூலை எழுதினார். நாவலை எழுதியவளே அந்த ஊருக்குத் திரும்பிப் போய், தான் எழுதியது சரிதானா, எதை விட்டோம், அப்பாவுக்கு நியாயம் செய்தோமா என்று விசாரிக்கிற மாதிரி. இரண்டையும் சேர்த்துத் தானே ஆங்கிலத்தில் 2006இல் கொண்டுவந்தார். இத்தனையும் ஐ.ஏ.எஸ். அதிகாரியாக வேலை பார்த்துக்கொண்டே. சொந்த ஆட்களைப் பற்றி எழுதிய பிறகு வரும் குற்ற உணர்வையும் எழுத்துக்குள் கொண்டுவர முடியும் என்பதற்கு இதைவிட எடுத்துக்காட்டு வேண்டாம்.

ஊரைப் பற்றிய பயம், அதாவது சாதி இந்துக்களைப் பற்றிய பயம், கற்பனை கிடையாது. புதுக்கோட்டை மாவட்டம் கறம்பக்குடிப் பக்கத்துக் குளந்திரான்பட்டைச் சேர்ந்த துரை குணா 2014இல் ‘ஊரார் வரைந்த ஓவியம்’ என்ற சிறு நாவலை வெளியிட்டார். குடும்பமே ஒதுக்கி வைக்கப்பட்டது. ஊரை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. நமக்குப் பக்கத்துத் திருச்செங்கோட்டில், தலித் அல்லாத, அந்த மண்ணிலேயே வேரூன்றிய பெருமாள்முருகனுக்கே என்ன நடந்தது என்று தெரியும். ‘மாதொருபாக’னுக்காக 2015 ஜனவரியில் அதிகாரிகள் முன்னிலையில் மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்திட்டார். எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அறிவித்தார். 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அந்தக் கடிதம் அவரைக் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பளித்தது. அவருக்குக் கிடைத்த ஆதரவில் பத்தில் ஒரு பங்குகூடத் துரை குணாவுக்குக் கிடைக்கவில்லை என்பதையும் இந்த மேடையில் சொல்லியாக வேண்டும்.

பெருமாள்முருகன் எழுதுவதில்லை என்று அறிவித்த மாதங்களில் கவிதைகள் எழுதிக்கொண்டிருந்தார். தீர்ப்புக்குப் பிறகு அவை ‘கோழையின் பாடல்கள்’ என்று நூலாக வந்தன. அந்தத் தலைப்பைக் கவனியுங்கள். வெளியிடும் வழி முழுக்க அடைபட்ட நாட்களிலும் எழுதும் வேளை இருந்திருக்கிறது. பயத்தையே எழுதியிருக்கிறார்.

நாங்கள் யாரையும் தியாகி ஆகச் சொல்லவில்லை. எஸ்டேட் வீட்டில் குடியிருக்கும் ஒரு பெண் தன் மேஸ்திரியைப் பற்றிய கதையைச் சொந்தப் பெயரில் வெளியிட்டால், அடுத்த வாரம் தெருவில் நிற்பது அவளும் அவள் பிள்ளைகளும்தான். கைதட்டிய நாம் வீட்டுக்குப் போய்விடுவோம். ஆகவே வெளியிடுவது தனி ஆளின் முடிவாக இருக்கக் கூடாது. நம் தோழரின் கதைகள் நின்றுபோனதற்கு, கதைக்குக் கீழே சங்கத்தின் பெயர் இல்லாததுதான் காரணம் என்றால், அதை நாம் ஓரளவு சரிசெய்ய முடியும். புனைபெயர் வைத்துக்கொள்ளலாம். பாமா, இமையம், பூமணி எல்லாம் புனைபெயர்கள்தான். மலைக்கு வெளியே உள்ள பதிப்பகத்தில் வெளியிடலாம். அச்சுக்குப் போகும் முன் அமைப்பில் உள்ள வழக்கறிஞர் ஒருவர் படிக்க வேண்டும், கதையைத் திருத்துவதற்காக இல்லை, என்ன வரக்கூடும் என்று முன்கூட்டியே சொல்வதற்காக. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் கொண்டுவந்த திருத்தம் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. சமூகப் புறக்கணிப்பும் பொருளாதாரப் புறக்கணிப்பும் அதன்படி குற்றம். மிரட்டினாலே குற்றம். இதை எழுதுகிறவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும், அவருடைய வீட்டாரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். வெளியிடும் நாளில் யார் யார் அவர் வீட்டுக்குப் போய் இருப்பது என்பதுவரை பேசி வைக்க வேண்டும்.

சில கதைகளை இப்போது வெளியிட வேண்டாம் என்றுகூட முடிவாகலாம். பரவாயில்லை, பேபி காம்ப்ளேயின் நோட்டு இருபது ஆண்டுகள் காத்திருந்தது. எழுதி முடித்த கதை காத்திருக்கும். இரண்டு பக்கத்தில் நின்றுபோன கதைக்குக் காத்திருக்கத் தெரியாது, எழுதியவரோடு போய்விடும்.

அடுத்த மாதத்திலிருந்து ஒண்டிக்கடையில் வாசிப்புக் கூட்டம் தொடங்குகிறோம். மாதத்தின் இரண்டாவது ஞாயிறு, பிற்பகல் மூன்று மணி. பழம் எடுக்கும் மாதங்களில் இருட்டிய பிறகு. எழுதியவரே வாய்விட்டுப் படிக்க வேண்டும். பிரதியைக் கையில் கொடுக்க வேண்டியதில்லை. எல்லோருடைய செல்போனும் வாசலில் ஒரு பையில் இருக்கும். கேட்கிறவர்கள் கதை நல்லதா கெட்டதா என்று தீர்ப்புச் சொல்லக் கூடாது. எந்த இடத்தில் காது கூர்மையானது, எந்த இடத்தில் எழுதியவர் எதையோ தாண்டிப் போனது போலிருந்தது, இந்த இரண்டை மட்டும் சொன்னால் போதும். பத்து வரி எழுதியவர்களும் வரலாம். தொண்ணூறு வாக்கியம் மட்டும் சேர்த்தவர்களும் வரலாம். நோட்டு வாங்க முடியாதவர்களுக்கு நோட்டு இங்கே உண்டு.